ராணியம்மா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கண்ணைமூடு அக்கா' என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. டாக்டரே ஏதோ ஞாபகத்தில் இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் வருகிறவர்களின் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். விட்ட பிறகு கருமணி நன்றாக விரியும்வரை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்து விடுவதும் அவள்தான், மூடிய கண்ணைத் திறக்கவிடாமல் காவல் காப்பதும் அவள்தான். இரண்டாவது வேலையில்தான் உயிர் போகும். மனுஷன் வாயைக்கூட மூடிக்கொண்டு இருந்துவிடுவான், கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் இருக்க மாட்டான்.

"ஐயா, கண்ணை மூடுங்க."

"மூடிட்டுத்தாம்மா இருக்கேன்."

"அப்புறம் எப்படி எதிர்ல டி.வி.யில ஓடுறதைப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே பாட்டுதான். போதாக்குறைக்கு, 'ஒரே ஒரு சந்தேகம், கேட்டுட்டு ஓடிடறேன்' என்று டாக்டர் அறைக்குள் நுழையப் பார்க்கிறவர்கள் வேறு. ஒரே ஒரு சந்தேகத்தோடு உள்ளே போன எவரும் அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்ததில்லை என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் அந்தக் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். முறை தவறி ஒரு ஈ, காக்கை உள்ளே போக முடியாது. அவளுடைய சொந்த அண்ணனே ஒரு முறை கண் உறுத்தல் என்று வந்து, தங்கச்சிதானே என்று நேராக உள்ளே போகப் பார்த்து, கடைசி ஆளாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வீட்டில் போய் என்ன சொன்னாரோ, அண்ணி ஒரு மாதம் பேசவில்லை.

அப்படி ஊரையே உட்கார வைத்தவள், அன்று நாடகக் கொட்டகையின் பின்பக்கச் சந்தில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தாள். கூட அதே அண்ணி.

சந்து என்றால் சும்மா பேருக்குத்தான். ஒரு பக்கம் கொட்டகையின் சுவர், இன்னொரு பக்கம் ஏதோ கிடங்கின் சுவர், நடுவில் நான்கு பேர் தோளோடு தோள் உரசி நிற்கிற அகலம். சுவரில் சாய்த்து வைத்திருந்த, நாடகத்துக்கான பலகை மரம் ஒன்று நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேடையில் பார்க்கும்போது அதில்தான் குருவிகள் கத்தும். மேலே கட்டியிருந்த கயிற்றில் சிப்பாய்ச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவு வழியாகத்தான் ராணியம்மா வெளியே வருவாள்.

ராணியம்மா என்பது அந்த நடிகையின் பெயர் இல்லை. என்றைக்கோ ஒரு நாடகத்தில் ராணியாக வந்தாள், அதிலிருந்து வேலைக்காரியாக வந்தாலும் பிச்சைக்காரியாக வந்தாலும் சனங்களுக்கு அவள் ராணியம்மாதான். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நாடகக் குழு ஊருக்கு வரும், ஒரு வாரம் கூத்தும் கொண்டாட்டமுமாக இருந்துவிட்டுப் போகும். கண்ணைமூடு அக்கா ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. அதிலும் ஒரு நாடகம் என்றால் அவளுக்கு உயிர். ஒரு பெரிய வீட்டில் தங்கித் துணி தைத்துக் கொடுக்க வருகிற தையல்காரியின் கதை. வந்தவள் அந்த வீட்டு மனிதர்களோடு ஒட்டிக்கொள்வாள், சண்டை போடுவாள், அவர்களுடைய அழுக்கையெல்லாம் தெரிந்துகொள்வாள். தையல் முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பெரிய கதவு, அதற்குக் கீழே மூன்று படி. கதவைத் தாண்டும்போது நின்று, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். திரை விழும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்வரை அது அவளுக்கு ஒரு நல்ல நாடகம், அவ்வளவுதான். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஒரே மகள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டாவது மாடி வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது, இவள் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தாள். கிளம்புகிற அன்று மகள், "போயிட்டு வரேம்மா" என்றாள். இவள் "ம்" என்றாள். அந்த 'ம்'முக்குள் எவ்வளவோ இருந்தது, ஆனால் வெளியே கேட்டது 'ம்' மட்டும்தான். பிறகு பால்கனியில் நின்று பார்த்தாள். அங்கிருந்து தெரு பஸ் நிறுத்தம்வரை நேராகத் தெரியும். மகள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது திரும்புவாள் என்று நினைத்தாள். திரும்பவில்லை. மருந்துக்கடையைத் தாண்டும்போது திரும்புவாள் என்று நினைத்தாள். சரி, பஸ்ஸில் ஏறும்போதாவது என்று நினைத்தாள். ஏறிவிட்டாள், பஸ்ஸும் போய்விட்டது, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ம்." "அங்க மழையா?" "இல்ல." இவ்வளவுதான் பேச்சு. லீவுக்கு வந்தால் மகள் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். அந்தத் தட்டைக் கழுவி வைப்பதைப் பார்த்தால்தான் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். 'ஏன்டி அன்னிக்குத் திரும்பிப் பாக்கல?' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே! பிடிவாதத்தில் அம்மாவும் பெண்ணும் ஒரே அச்சு.

அதனால் இவள் வருஷம் ஒரு தடவை கொட்டகையில் போய் உட்கார்ந்து, ராணியம்மா கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில், இருட்டில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுவிட்டு வருவாள். என் பெண்ணும் மனசுக்குள்ளே இப்படித் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று தோன்றும். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் ஊசி மாதிரி, அது போதும், அடுத்த வருஷம்வரை தாங்கும்.

இந்த வருஷம் ராணியம்மா திரும்பவில்லை.

முதல் நாள் பார்த்தபோது ஏதோ மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். வயசாகிறது, பாவம். இரண்டாம் தடவை போய்ப் பார்த்தாள். பெட்டியை எடுத்தாள், கதவைத் தாண்டினாள், படியில் இறங்கினாள், விறுவிறுவென்று போயே போய்விட்டாள். திரை விழுந்தது, சனங்கள் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள்! யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நீதான் பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாய் என்று யாரோ இவள் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் புரண்டாள். பிறகு துக்கம் போய்க் கோபம் வந்தது. காசு கொடுத்துப் பார்க்கிறோம், கேட்கக் கூடாதா? மறுநாள் அரை நாள் லீவு கேட்டாள். இருபது வருஷத்தில் அவள் தனக்கென்று லீவு கேட்டதே இல்லை என்பதால் டாக்டர் பயந்துபோய், "உடம்புக்கு ஏதாவது?" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். ஒரே ஒரு சந்தேகம், கேட்டுட்டு வந்துடறேன்."

அன்று மத்தியான ஆட்டம். அண்ணி, "தனியா எங்க போற, நானும் வர்றேன்" என்று ஒட்டிக்கொண்டாள். கொட்டகைக்குள் விசிறிக்கு நேர்க் கீழே இடம் பிடித்து, விளக்கு அணைந்ததும் தூங்கி, கை தட்டும் சத்தம் கேட்டு எழுந்து, "நல்ல நாடகம்" என்றாள். ராணியம்மா அன்றும் திரும்பவில்லை.

இப்போது சந்தில் முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். நின்றார்கள் என்று சொல்வதே தப்பு; மொய்த்தார்கள். கல்லூரிப் பெண்கள் நான்கைந்து பேர் கதவிலேயே காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எலக்ட்ரீஷியன், இடுப்பில் டெஸ்டரும் கையில் தானே வரைந்த ராணியம்மா படமுமாக, யாரும் படத்தை இடித்துவிடக் கூடாது என்று மற்றவர்களையெல்லாம் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பின்னாலிருந்து, "வழி விடுங்க, குழந்தை இருக்கு" என்று குழந்தையையே முட்டுக்கொடுத்து முன்னேறிக்கொண்டிருந்தாள். பூங்கொத்து கொண்டுவந்த ஒரு பெரியவர் நசுங்கி, பூவும் நசுங்கி, பரிதாபமாக நின்றார். காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணைமூடு அக்காவுக்கு இதைப் பார்க்கப் பார்க்கத் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தான் எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"ஏங்க, இது என்ன சந்தையா? இப்படி நின்னா அவங்க வெளிய வர்றதுக்கே இடம் இல்லையே! சுவரோரமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நில்லுங்க. தம்பி, படத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடி, யாரும் தின்னுட மாட்டாங்க. ஏம்மா, கதவுல காதை வச்சா அவங்க சீக்கிரம் வந்துடுவாங்களா? இப்படி வாங்க. குழந்தைக்காரங்க முன்னாடி. பெரியவரே, நீங்க ரெண்டாவது. நீங்க யாருக்கு அப்புறம் வந்தீங்க? பொய் சொல்லாதீங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கூட்டம் கோடு போட்ட மாதிரி சுவரோரம் ஒதுங்கியது. ஒருவன் குறுக்கே புகப் பார்த்து, அவள் பார்த்த பார்வையில் தானாகவே கடைசிக்குப் போனான். காவலாளி எழுந்து நின்று, "இதை நீங்க தினமும் வந்து பாத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்று மனசாரச் சொல்லி, தன் நாற்காலியையும் அவளுக்கு நகர்த்திப் போட்டார்.

அண்ணி சும்மா இருப்பாளா? வரிசையில் நின்றவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "எங்க நாத்தனார்தான். ரொம்பக் கண்டிப்பு. உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல. பொண்ணு வேலைக்குப் போறப்ப திரும்பிப் பாக்காம போயிட்டாளாம், அதை மூணு வருஷமா மனசுல போட்டுப் பொசுங்கிட்டு இருக்கு. அதுக்கு ஆறுதலுக்குத்தான் இந்த நாடகம். இப்ப இவங்களும் திரும்பலையாம். அதைக் கேக்கத்தான்…"

"அண்ணி!"

"என்னம்மா? உள்ளதைத்தானே சொல்றேன்?"

கல்லூரிப் பெண்கள் 'ஐயோ பாவம்' முகத்தோடு இவளைப் பார்த்தார்கள். இவளுக்குக் காலடியில் இருந்த சாக்கடை மூடியைத் தூக்கி அதற்குள்ளே இறங்கிவிடலாமா என்று இருந்தது. நாற்பது பேருக்கு நடுவில், ஒருத்தியின் மூன்று வருஷத்து வலி, பொரிகடலை மாதிரி ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தாகிவிட்டது. "கால் வலிக்குது, நான் அந்தப் பக்கமா போறேன்" என்று அண்ணி சந்தின் முனைப்பக்கம் நகர்ந்தாள். போகட்டும், தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரும்புக் கதவு திறந்தது. ராணியம்மா வெளியே வந்தாள்.

மேடையில் அத்தனை உயரமாகத் தெரிகிறவள், அருகில் பார்த்தால் இவளுடைய தோள் உயரம்தான் இருந்தாள். அரிதாரம் காதோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வரிசையைப் பார்த்து, "அட, என்ன ஒழுங்கு!" என்று சிரித்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஆனால் கண்ணைமூடு அக்கா ஒன்றைக் கவனித்தாள். இந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் ராணியம்மா தலையைத் திருப்பவில்லை. பீரோவை நகர்த்துகிற மாதிரி, மொத்த உடம்பையும் காலோடு சேர்த்து நகர்த்திக்கொண்டு திரும்பினாள். தலையை மட்டும் திருப்பினால் கிரீடம் விழுந்துவிடுமோ? இவ்வளவு திமிரா என்று இவளுக்குக் கடுப்பு இன்னும் ஒரு படி ஏறியது. இந்தத் திமிர்தான் மேடையிலும் வந்துவிட்டது, வேறென்ன?

ஒருவர் பின்னால் ஒருவராக ஆள் குறைந்தது. இவள் ஒவ்வொருவரையும், "போதும் போதும், பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்று நகர்த்திக்கொண்டிருந்தாள். கையில் கிடைத்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. வரிசையை நடத்துகிறவளுக்கு வரிசையில் இடம் ஏது? அது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் படத்தைக் காட்டி, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு போனதும், கடைசி ஆளும் முடிந்தது. ராணியம்மா இவள் பக்கமாக உடம்பை நகர்த்தித் திரும்பினாள்.

"ரொம்ப நன்றிம்மா. எந்த ஊர்லயும் இந்த மாதிரி ஆள் வச்சதில்ல. இதைக் கொஞ்சம் உள்ள வச்சுடுறீங்களா, அலங்கார அறையில?" என்று பெரியவர் கொடுத்த அந்த நசுங்கிய பூங்கொத்தை இவள் கையில் கொடுத்தாள்.

இவளும், என்ன சொல்ல, "சரிங்கம்மா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்! போய், அறையைத் தேடி, கண்ணாடி மேஜையில் பூவை வைத்து, அது சரிந்ததும் நிமிர்த்தி வைத்து, அப்போதுதான் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். 'அடிப்பாவி, நீ எதுக்குடி வந்த?' என்று தலையில் அடித்துக்கொண்டாள். அரை நாள் லீவு, இரண்டு மணி நேரம் நின்ற கால், ஊரறிய விட்ட மானம், எல்லாம் ஒரு பூங்கொத்தோடு போயிற்று. விழுந்தடித்து வெளியே ஓடினாள். சந்து காலி. முனையில் ராணியம்மாவின் கார் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ராணியம்மா காருக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே அண்ணி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டையும் வெளியே தொங்கப் போட்டு, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, சாவகாசமாக.

"நான் யாரும் இல்லம்மா," என்று அண்ணி ராணியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கால் வலின்னு டிரைவர் தம்பிகிட்ட கேட்டு உக்காந்தேன். எந்திரிச்சுடறேன். ஆனா எங்க நாத்தனார் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இதோ வந்துடுச்சு. அது கேட்டுட்டா நான் எந்திரிச்சுடுவேன்."

கண்ணைமூடு அக்காவுக்கு அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது. மூச்சு வாங்க நின்றாள். பஸ்ஸில் வரும்போது நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது.

"கடைசியில நீங்க ஏன் திரும்பிப் பாக்க மாட்டேங்கறீங்க?" என்றாள். சண்டைக்காரி மாதிரிதான் வந்தது. "போன வருஷம்வரைக்கும் பாத்தீங்க. இந்த வருஷம் மூணு தடவை வந்துட்டேன், மூணு தடவையும் பாக்கல. யார் வேணாம்னு சொன்னது?"

ராணியம்மா ஒரு நொடி முழித்தாள். பிறகு கழுத்தில் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். உள்ளே, தாடைக்குக் கீழே, பஞ்சு வைத்த கெட்டிப்பட்டை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"டாக்டர்தாம்மா வேணாம்னு சொன்னார். கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சு. தலையைத் திருப்பினா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அந்த மூணு படியில கைப்பிடி கிடையாது. திரும்பினேன்னா, அப்படியே உருண்டு வந்து முதல் வரிசைக்காரங்க மடியிலதான் விழணும்."

"கழுத்து வலியா?" என்றாள் இவள்.

"கழுத்து வலிதான்."

"அப்ப முன்னாடியெல்லாம்? அவ்வளவு அழகாத் திரும்பிப் பாப்பீங்களே, அது?"

ராணியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் கழுத்து வலிக்கும் போல, கையால் தாங்கிக்கொண்டாள். "அது முதல் தடவை போட்டப்ப, கதவு நிலையில ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. என் சால்வை அதுல மாட்டிக்கிச்சு. என்னடா இழுக்குதுன்னு திரும்பிப் பாத்தேன். கொட்டகையே கை தட்டிருச்சு. டைரக்டர், அதை அப்படியே வச்சுக்கோன்னுட்டார். இத்தனை வருஷமா வச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஆணியா?"

"ஆணிதான்."

கண்ணைமூடு அக்காவுக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, உச்சந்தலைவரை வந்துவிட்டது. "அப்ப நான் எதுக்கு அழுதேன்? மூணு வருஷமா அதைப் பாத்துப் பாத்து அழுதேனே, ஆணிக்கா அழுதேன்?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் ராணியம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். "நான் சால்வையைத்தான் பாத்தேன். அழுதது நீங்க."

அண்ணி, வாக்குத் தவறாமல், "சரி, கேட்டாச்சு" என்று எழுந்து இடம் விட்டாள். ராணியம்மா உடம்பை ஒரு மூட்டை மாதிரி மெல்ல உள்ளே இறக்கி, ஜன்னல் வழியாக இவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். கார் போனபிறகு இவள் தன் கையைப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கிட்டத்தில் பார்க்க இவள் ஆசைப்பட்ட ராணியம்மா தொட்ட கை. அதைச் சந்தோஷமாக நினைத்துக்கொள்ளக்கூட விடாமல் எரிச்சல் பிடுங்கித் தின்றது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. "விடு, கழுத்து வலின்னா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று அண்ணி சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். இவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு ஆணிக்கும் ஒரு கழுத்து வலிக்கும் நடுவில் தான் மூன்று வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்ததை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. மேடையில் ஆயிரம் பேர் பார்க்கத் திரும்புகிறவளிடம் போய்க் கேட்க இரண்டு மணி நேரம் நிற்கத் தெரிந்தது. கேட்க வேண்டியவள் போனில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள், அவளிடம் ஒரு தடவை கேட்கத் தெரியவில்லை. நிறுத்தத்தில் நின்றபடியே போனை எடுத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

முதல் மணியிலேயே மகள் எடுத்தாள். குரலில் பயம். "என்னம்மா? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நீ ஏன்டி திரும்பிப் பாக்கல?"

"என்னிக்கு?"

"என்னிக்கா! நீ வேலைக்குன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனியே, அன்னிக்கு. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனியே, ஒரு தடவை திரும்பினா என்ன, கொறஞ்சா போயிடுவ?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு மகளின் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை, சின்ன வயசில் சண்டை போடும்போது வருகிற குரல்.

"எதைம்மா திரும்பிப் பாக்கச் சொல்ற? நீ அறைஞ்சு சாத்தின கதவையா?"

"நான் எப்ப சாத்தினேன்டி?"

"முதல் படியில காலைக்கூட வைக்கல, டமால்னு சாத்தினியேம்மா! கட்டடமே அதிர்ந்துச்சு. 'ம்'னு ஒரு சொல்லு, அப்புறம் அந்தக் கதவு. போய்த் தொலைன்னு இதை விட எப்படிச் சொல்லுவாங்க? அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் திரும்பிப் பாக்கறது?"

கண்ணைமூடு அக்கா யோசித்துப் பார்த்தாள். கதவு நினைவிலேயே இல்லை. ஓடினது நினைவில் இருந்தது. நாற்காலியில் முழங்கால் இடித்தது, காயப்போட்டிருந்த துணியெல்லாம் காலில் சுற்றியது, மகள் தெருவுக்கு இறங்குவதற்குள் போய்விட வேண்டும் என்று பறந்தது நினைவில் இருந்தது. கையிலிருந்த கதவை என்ன செய்தாள்? விட்டிருப்பாள். அது போய் அடித்துக்கொண்டிருக்கும்.

"பால்கனிக்கு ஓடினேன்டி," என்றாள். "அங்கேருந்து பாத்தா ஸ்டாப் வரைக்கும் தெரியும். நீ கண்ணுலேருந்து மறையறதுக்குள்ள பாக்கணும்னு கதவை விட்டுட்டு ஓடினேன்."

"பால்கனியிலயா நின்ன?"

"நீ பஸ் ஏறுற வரைக்கும்."

பிறகு அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு வெடித்தாள். "ஒரு குரல் குடுத்திருக்கலாம்லம்மா! ரெண்டாவது மாடிதானே! ஆஸ்பத்திரியில அத்தனை பேரையும் அதட்டற, உனக்குக் குரலா இல்ல?"

"நீ ஒரு தடவை நிமிந்து பாத்திருக்கலாம்ல!"

"மூணு வருஷம்மா! மூணு வருஷமா உனக்கு என்மேல பாசமே இல்லன்னு நெனச்சுட்டு இருக்கேன் நான்!"

"எனக்கு மட்டும் என்ன, மூணு நாளா?"

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது. ஏறின அண்ணி, இவள் ஏறவில்லை என்று தெரிந்ததும் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே மறுபடி இறங்கினாள். பஸ் போய்விட்டது. அம்மாவும் மகளும் விடவில்லை. கழுவி வைத்த தட்டு, ஞாயிற்றுக்கிழமை மழை, 'ம்', எல்லாவற்றுக்கும் வட்டியும் முதலுமாகக் கொடுத்து வாங்கினார்கள். அவர்கள் இப்படி வாய்விட்டுச் சண்டை போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! இவளுக்குக் கண்ணிலிருந்து நிற்காமல் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

"போன்ல சண்டை போட்டா எனக்கு ஆறாது," என்றாள் மகள் கடைசியில். "வெள்ளிக்கிழமை கிளம்பி வர்றேன். சனிக்கிழமை காலையில வந்து இறங்குவேன்."

"வா. எனக்கும் நெறைய இருக்கு. பால்கனியில நிக்கிறேன், இந்தத் தடவையாவது நிமிந்து பாரு."

"பால்கனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். கீழ இறங்கி ஸ்டாப்புக்கு வந்து நில்லு. பெட்டி கனமா இருக்கும்."

"சரி, வர்றேன்டி. கத்தாதே," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.